அக்கா வீட்டு லேப்டாப்

“இது அவ்ளோதாங்க்கா. 30,000 ரூபாய்க்குள்ள புதுசு ஒண்ணு பார்த்துத் தர்றேன்.”

புதுக்கோட்டை டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் என் அக்காவுக்குக் கிடைத்த தீர்ப்பு இது. அக்கா இருப்பது கீரனூர் பக்கத்தில் ஒரு கிராமம். லேப்டாப்பைத் துண்டில் சுற்றி, கட்டைப்பையில் வைத்து, மடியிலேயே பிடித்துக்கொண்டு பஸ்ஸில் வந்திருந்தாள். கடையிலிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தவள், காபி கூட வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டாள்.

அவளுடைய மகள் 2018-ல் ப்ளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப் அது. மகள் வேலைக்குப் போய் வேறு வாங்கிக்கொண்டாள். இது அக்காவுக்கு வந்தது. அவள் இருக்கும் மகளிர் சுயஉதவிக் குழுவில் 14 பேர். சேமிப்பு, உள்கடன், வட்டி, வங்கித் தவணை எல்லாம் ஐந்து வருடமாக இதில்தான். நோட்டும் உண்டு. ஆனால் மாதக் கூட்டத்தில் “நான் போன மாசமே கட்டிட்டேனே” என்று யாராவது குரலை உயர்த்தினால், அக்கா லேப்டாப்பைத் திருப்பிக் காட்டுவாள், பேச்சு அடங்கிவிடும். அந்த மரியாதைதான் இப்போது ஆபத்தில் இருந்தது.

திறந்து பார்த்தேன். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது என்று ஓர் அறிவிப்பு. அவ்வளவுதான். மற்றபடி நன்றாகவே ஓடியது. கொஞ்சம் மெதுவாக; ஆனால் எட்டு வயது மாட்டிடம் கன்றுக்குட்டியின் துள்ளலை எதிர்பார்க்கக் கூடாது.

இதைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். ஆதரவு முடிந்தது என்றால் கம்ப்யூட்டர் நின்றுவிடும் என்று அர்த்தமில்லை. தெருவில் ராத்திரி ரோந்து வந்த கூர்க்கா இனி வரமாட்டார். வீடு அப்படியே இருக்கிறது, ஆனால் புதிதாக ஒரு திருடன் புதிய வழி கண்டுபிடித்தால் தடுக்க ஆளில்லை. பாங்க் கணக்கு பார்க்கிறவர்கள் அலட்சியமாக இருக்கக் கூடாது. வீட்டு உபயோகக்காரர்களுக்கு மைக்ரோசாஃப்ட் ஒரு வருட நீட்டிப்பு கொடுத்திருக்கிறது, 2026 அக்டோபர் 13 வரை. செட்டிங்ஸில் அப்டேட் பகுதிக்குப் போய்ப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அக்காவிடம் பணம் பிடுங்குவதற்கு முன் கடைக்காரர் இதையாவது சொல்லியிருக்கலாம்.

விண்டோஸ் 11-க்கு மாற முடியாதா என்று கேட்பீர்கள். அதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். பிராசஸரும் மைக்ரோசாஃப்டின் அங்கீகாரப் பட்டியலில் இருக்க வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாவது தலைமுறையும் அதற்குப் பிறகும். அக்காவின் லேப்டாப் அந்தப் பட்டியலில் இல்லை. கெட்டுப்போகாத பொருளைக் கெட்டதாக்கிவிடுகிற கணக்கு இது. எனக்கு இதில் கோபம் உண்டு. நம் வீட்டில் கிரைண்டர் 20 வருடம் ஓடுகிறது.

டீக்கடையில் இதைச் சொன்னால் பேச்சு வேறு பக்கம் போகும். ஒருவர் ஐபோன்தான் உசத்தி என்பார். இன்னொருவர் கூகுள்காரன் நாம் தூங்குவதைக்கூடப் பார்க்கிறான் என்பார். 2025 கடைசியில் ஜோஹோவின் ‘அரட்டை’ செயலி பரபரப்பானபோது எங்கள் சொந்தக்காரர்கள் குரூப்பே அங்கே குடிபோனது; பத்தே நாளில் பழைய இடத்துக்குத் திரும்பியும் வந்தது. காரணம் செயலி அல்ல. பெரியப்பா மாறவில்லை, அவர் இல்லாமல் குட்மார்னிங் படம் அனுப்ப ஆளில்லை. கட்சி மாதிரி கம்பெனிக்குக் கொடி பிடிக்கிறோம். நம் கையில் இருக்கும் பொருளுக்குள் என்ன இருக்கிறது என்று மட்டும் பார்ப்பதில்லை.

அக்காவின் லேப்டாப்பே அதற்குச் சாட்சி. தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கியது. 50 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. அவற்றில் விண்டோஸோடு ‘போஸ்’ லினக்ஸ் என்று இன்னொன்றையும் போட்டுக் கொடுத்தார்கள். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது; இலவசம், தமிழிலும் வேலை செய்யும். விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014-ல் இதே மாதிரி மூடுவிழா வந்தபோது, அரசு அலுவலகங்களில் போஸுக்கு மாறச் சொல்லி 2013-லேயே தமிழக அரசு அறிவுறுத்தியதும் உண்டு.

“அதுல ரெண்டு இருந்துச்சே, இன்னொண்ணு என்னாச்சுக்கா?”

“அதுவா? வாங்கின வாரமே கடையில கொடுத்து அழிச்சோம்டா. இடத்தை அடைக்குதுன்னு சொன்னாங்க. 300 ரூபாய்.”

இலவசமாக வந்ததைக் காசு கொடுத்து அழித்திருக்கிறார்கள். அக்காவை மட்டும் சொல்லிப் பயனில்லை. எனக்குத் தெரிந்து பத்து வீட்டில் இதே கதை. பள்ளியில் அதைத் திறந்து காட்டியவர்கள் குறைவு. காட்டச் சொல்லி ஆசிரியர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் அதைவிடக் குறைவு. பக்கத்துக் கேரளாவில் அரசுப் பள்ளிகளில் பல வருடங்களாக லினக்ஸ்தான். அங்கே ‘கைட்’ என்ற அரசு நிறுவனம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறது, பிள்ளைகளுக்கு ‘லிட்டில் கைட்ஸ்’ என்று மன்றமே வைத்திருக்கிறது. நாம் பெட்டியைக் கொடுத்தோம், போட்டோ எடுத்தோம்.

நமக்குச் சொல்லிக் கொடுக்கத் தெரியாது என்றும் இல்லை. இதே புதுக்கோட்டையில் 90-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம். எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடு என்றதும் பார் வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். அக்காவும் அதில் ஒருத்தி. முழங்கால் சிராய்ப்போடு அவள் வீட்டுக்கு வந்ததும், அப்பா திட்ட வாயெடுத்து, பிறகு பேசாமல் தேங்காய் எண்ணெய் எடுத்துக் கொடுத்ததும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அன்று பின்னால் பிடித்துக்கொண்டு ஓட ஓர் ஆள் இருந்தார். லேப்டாப்புக்கு அந்த ஆள்தான் இல்லை.

அந்த ஆளைப் பக்கத்து வீட்டில் கண்டுபிடித்தேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் பையன். ஞாயிற்றுக்கிழமை ஒரு பென் டிரைவோடு வந்தான். முதலில் குழுக் கணக்கு, போட்டோ எல்லாவற்றையும் வேறொரு பென் டிரைவில் காப்பி எடுத்தான். (இதைச் செய்யாமல் யாரும் எதிலும் கை வைக்காதீர்கள். அழிந்தால் அழிந்ததுதான்.) பிறகு ‘லினக்ஸ் மின்ட்’ என்ற இலவச சிஸ்டத்தை, லேப்டாப்பில் ஏற்றாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிக் காட்டினான். பிடித்தால் ஏற்றிக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் உருவிவிடலாம்.

“லினக்ஸெல்லாம் இன்ஜினீயருங்களுக்குத்தானே தம்பி?”

“உங்க போன்ல இருக்கிற ஆண்ட்ராய்டுக்கு அடியில ஓடறதே லினக்ஸ்தான் பெரியம்மா.”

அக்கா போனை எடுத்து ஒரு தரம் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

எக்செல் கணக்கு லிப்ரே ஆபீஸில் திறந்தது. கூட்டல் எல்லாம் சரி. ஒரு கட்டத்தில் மட்டும் தேதி தலைகீழாக வந்தது, திருத்திக்கொண்டோம். பிரிண்டர் சிடி கேட்காமலே வேலை செய்தது. சிக்கல் வேறிடத்தில் வந்தது. குழுவின் பழைய தீர்மானங்களைத் திறந்தால் ஒரு வரி தமிழ் இல்லை, எல்லாம் கொசகொசவென்று ஆங்கில எழுத்து. தட்டச்சு நிலையத்தில் கொடுத்து பாமினி எழுத்துருவில் அடித்து வாங்கியவை அவை.

எங்கள் சமஸ்தானத்தில் அம்மன் காசு என்று ஒரு செப்புக் காசு புழங்கியது. 1948-ல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. காசு இப்போது மியூசியத்தில். பாமினி, வானவில் எல்லாம் அந்த மாதிரிதான். அந்த எழுத்துரு இருக்கும் கம்ப்யூட்டர்தான் அதன் சமஸ்தானம். வெளியே வந்தால் செல்லாது. யூனிகோடு வந்து இத்தனை வருடம் ஆகியும் பல டிடிபி கடைகளில் இன்னும் அம்மன் காசுதான் புழங்குகிறது. பையன் இணையத்தில் ஒரு மாற்றி மூலம் எல்லாவற்றையும் யூனிகோடாக்கினான். ஒரு மத்தியானம் முழுக்க ஆனது. ‘ண’வும் ‘ன’வும் இடம் மாறிய இரண்டு பக்கங்களை அக்காவே உட்கார்ந்து திருத்தினாள்.

எல்லாருக்கும் இது சரிவரும் என்று சொல்லமாட்டேன். டேலியில் கணக்கு எழுதும் கடைக்காரர்களும், போட்டோஷாப்பில் கல்யாண ஆல்பம் செய்யும் தம்பிகளும் விண்டோஸை விட முடியாது. அவை லினக்ஸில் நேரடியாக ஓடாது. கணக்கு, கடிதம், யூடியூப், மின்கட்டணம் என்று இருப்பவர்களுக்குத் தாராளமாகப் போதும். தமிழில் படித்துக் கற்றுக்கொள்ள ‘கணியம்’ இணைய இதழ் 2012 முதல் எழுதிக்கொண்டிருக்கிறது. லினக்ஸ் பற்றிய அவர்களுடைய மின்னூல்களும் இலவசம்.

கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு வருடங்களில் லேப்டாப் அல்லது டேப்லெட் தருவதாக அரசு 2025 பட்ஜெட்டில் அறிவித்தது. புது லேப்டாப் வாங்கும் வீடுகளில் ஒரு வேண்டுகோள்: உள்ளே என்னென்ன இருக்கிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை திறந்து பாருங்கள். 300 ரூபாயை அப்புறம் செலவு செய்யலாம்.

நேற்று அக்கா போன் செய்தாள். கணக்கு பற்றி ஒன்றும் சொல்லவில்லை. குழுவில் ஒருத்தி, பரண் மேல் போட்டிருந்த மகனுடைய லேப்டாப்பை இறக்கித் துடைத்து வைத்திருக்கிறாளாம்.

“அந்தத் தம்பி அடுத்த ஞாயித்துக்கிழமை சும்மா இருப்பானாடா? கோழி அடிச்சுக் குழம்பு வைக்கறேன்னு சொல்லு.”