யார் சண்டைக்கு யார் ஜாமீன்?

வல்லரசுகள் கூடி இராணுவ ஒப்பந்தம் செய்யும்போதெல்லாம் ஒரே பல்லவியைத்தான் பாடுகின்றன. இது யாரையும் தாக்குவதற்கு அல்லவாம், வெறும் தற்காப்பாம். கூட்டைக் கண்டு எதிரி அஞ்சுவானாம், ஆகவே போரே வராதாம். கேட்க இனிக்கத்தான் செய்கிறது. ஆனால், அந்தப் பேச்சுக்குத் தலையாட்டுமுன் 1914ஆம் ஆண்டின் கணக்கேட்டைச் சற்றுப் புரட்டிப் பாருங்கள் என்று நாம் கேட்டுக்கொள்கிறோம்.

அன்று ஐரோப்பா இரண்டு பாசறைகளாக நின்றது. 1879இல் ஜெர்மனியும் ஆஸ்திரியா-ஹங்கேரியும் கை கோத்தன. 1882இல் இத்தாலியும் சேர்ந்தது. அதைக் கண்டு அஞ்சிய பிரான்சு, 1894இல் ரஷ்யாவுடன் இராணுவ உடன்படிக்கை செய்துகொண்டது. முடியாட்சியை ஒழித்த குடியரசும், குடிமக்களை ஒடுக்கிய ஜார் அரசும் கூட்டு! கொள்கையா இவர்களைச் சேர்த்தது? இல்லை, பொது எதிரி சேர்த்து வைத்தான். பிரிட்டனோ 1904இல் பிரான்சுடனும், 1907இல் ரஷ்யாவுடனும் சமரசம் பேசி முடித்தது. எல்லாம் தற்காப்பு! ஆனால் இவன் தற்காப்பு அவன் கண்ணுக்கு முற்றுகையாகத் தெரிந்தது. அவன் தற்காப்பு இவன் கண்ணுக்குப் படையெடுப்பாகத் தெரிந்தது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். ஜெர்மனியின் குருப், பிரான்சின் ஷ்னைடர், பிரிட்டனின் விக்கர்ஸ் ஆகிய பீரங்கி முதலாளிகளுக்கு அது அறுவடைக் காலமாயிற்று.

1914 ஜூன் 28இல் ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டும் அவர் துணைவியாரும் சரயேவோ நகரில் சுட்டுக் கொல்லப்பட்டனர். கொடுஞ்செயல்தான், மறுப்பாரில்லை. ஆயினும் அது ஆஸ்திரியாவுக்கும் செர்பியாவுக்கும் இடையே எழுந்த வழக்கு. 1912இலும் 1913இலும் பால்கனில் போர்கள் மூண்டன. வல்லரசுகள் களத்தில் இறங்கவில்லை, போர் பால்கனோடு நின்றது. இந்த வழக்கு மட்டும் உலகையே கொளுத்தியது ஏன்?

ஜாமீன் கொடுத்தவர்களால்தான்! ஜூலை 5ஆம் நாள் ஜெர்மானியச் சக்கரவர்த்தி வில்லியம், என்ன வந்தாலும் உங்கள் பின்னால் நிற்கிறோம் என்று ஆஸ்திரியாவுக்கு வாக்களித்தார். தொகை எழுதாத புரோநோட்டில் நம் நாட்டுப்புறத்து உழவன்கூடக் கையெழுத்திடமாட்டான். ஒரு பேரரசு இட்டது! தயங்கி நின்ற ஆஸ்திரியாவுக்குத் துணிச்சல் பிறந்தது. ஜூலை 23இல் செர்பியாவுக்கு 48 மணி நேரக் கெடு விதித்தது. பெரும்பாலான நிபந்தனைகளுக்குச் செர்பியா இணங்கியும் பயனில்லை. 28இல் போர் அறிவிப்பு வந்துவிட்டது.

செர்பியாவுக்காக ரஷ்யா படை திரட்டியது. ஆகஸ்டு 1இல் ரஷ்யாமீது ஜெர்மனி போர் அறிவித்தது. வழக்குக்குச் சொந்தக்காரனான ஆஸ்திரியா ரஷ்யாமீது போர் அறிவித்தது எப்போது? ஆகஸ்டு 6இல்! வழக்காளி வாய் திறக்க ஐந்து நாள் இருக்கும்போதே ஜாமீன்தாரன் அரிவாளைத் தூக்கிவிட்டான். இதைவிட வேறு சான்று வேண்டுமா?

இன்னொன்றையும் நாம் எடுத்துக்காட்ட விரும்புகிறோம். முக்கூட்டு நாடுகளில் ஒன்று படை திரட்டினாலும், கலந்து பேசாமலே பிரான்சும் ரஷ்யாவும் படை திரட்டவேண்டும் என்று அவர்கள் உடன்படிக்கை சொல்லியது. ஜெர்மானியத் தளபதிகளிடமோ ஒரே திட்டம்தான் இருந்தது. ரஷ்யாவுடன் போர் என்றாலும், பெல்ஜியத்தின் வழியாக முதலில் பிரான்சைத் தாக்கவேண்டும்! ஆகஸ்டு 1 அன்று, படையைக் கிழக்கே திருப்ப முடியாதா என்று கேட்டார் சக்கரவர்த்தி. முடியாது என்றார் தளபதி மோல்ட்கே. இலட்சக்கணக்கானவர்களை ஏற்றிச் செல்லும் ரயில்களின் அட்டவணை முன்பே தீட்டப்பட்டுவிட்டதாம். மக்களின் தலைவிதியை ரயில்வே கால அட்டவணை முடிவு செய்தது!

மக்களுக்கு இவை தெரியுமா? பிரெஞ்சு-ரஷ்ய உடன்படிக்கை இரகசியம். பிரிட்டிஷ் தளபதிகள் பிரெஞ்சுத் தளபதிகளோடு 1906 முதல் நடத்திய பேச்சு, 1911வரை சொந்த மந்திரிகளில் பெரும்பாலோருக்கே தெரியாது. 1912இல் பரிமாறிய கடிதத்தை அயல்நாட்டு மந்திரி எட்வர்ட் கிரே பார்லிமெண்டில் படித்தது 1914 ஆகஸ்டு 3இல். மறுநாள் போர்!

அந்த நெருப்பு நம் வீட்டு வாசலுக்கும் வந்தது. இந்திய மக்களை ஒரு வார்த்தை கேட்காமலே இந்தியாவைப் போரில் இழுத்துவிட்டது பிரிட்டன். 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மானியக் கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. சரயேவோ எந்தத் திசையில் என்றே அறியாத சென்னைவாசி, மூட்டை முடிச்சுடன் ஊரைவிட்டு ஓடினான். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் கடல் கடந்து அனுப்பப்பட்டனர். ஏறத்தாழ 74,000 பேர் திரும்பவில்லை. எந்த வழக்குக்கு, யார் கொடுத்த ஜாமீனுக்கு, யார் தலை?

சிறிய நாடுகள் துணையின்றி வாழ முடியுமா, கூட்டில் சேராத பெல்ஜியமும் மிதிபட்டதே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பெரிய நாட்டின் பக்கத்தில் வாழும் சிறிய நாட்டின் அச்சத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. ஆனால் இரண்டு பாசறைகளின் சண்டைக்குப் பாதையாக அமைந்ததாலன்றோ பெல்ஜியம் மிதிபட்டது! கூட்டு என்பது காவல் என்றால், 32 ஆண்டுக் கூட்டாளியான இத்தாலி 1914இல் ஒதுங்கி நின்று, 1915இல் அதே ஆஸ்திரியாமீது பாய்ந்ததே, அது எந்தக் காவல்? நண்பர்கள் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நண்பன் தொடங்கும் எந்தச் சண்டைக்கும் முன்கூட்டியே கையெழுத்திடாதே என்கிறோம்.

இது பழங்கதை அல்ல. வார்சா ஒப்பந்தம் 1991இல் கலைந்தது. வடஅட்லாண்டிக் கூட்டோ, 2024இல் சுவீடன் சேர்ந்தபின் 32 நாடுகளாயிற்று. அதே ஆண்டில் ரஷ்யாவும் வடகொரியாவும் போரில் ஒன்றுக்கொன்று உதவ உடன்படிக்கை செய்தன. அன்று படை திரட்ட நாட்கள் பிடித்தன, தந்தி அடித்துக் கெஞ்சவாவது நேரம் இருந்தது. இன்று கண்டம் தாண்டும் அணு ஏவுகணைக்கு அரைமணி நேரம் போதும்.

ஒன்று மட்டும் ஆறுதல். வடஅட்லாண்டிக் ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவேகூட, எத்தகைய உதவி என்பதை அந்தந்த நாடே தீர்மானிக்க இடம் வைத்திருக்கிறது. அந்த இடத்தை எந்த நாடும் விட்டுக்கொடுக்கலாகாது. 1955இல் பாண்டுங்கில் கூடிய ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள், வல்லரசுகளின் தனி நலனுக்குக் கூட்டுப் பாதுகாப்பு ஏற்பாடுகள் பயன்படலாகாது என்று தீர்மானித்தன. அது கோழைகளின் குரல் அல்ல. கேளாமலே களத்துக்கு இழுக்கப்பட்டவர்களின் குரல்.

ஆகவே நாம் கேட்பது மூன்று. எந்த இராணுவ உடன்படிக்கையும் இரகசியமாக இருக்கலாகாது. போரா சமாதானமா என்ற முடிவு, தளபதிகளின் திட்டத்திடம் அல்ல, மக்கள் மன்றத்திடம் இருக்கவேண்டும். பாசறைகளுக்கு இடையே பேசும் வாசல் ஒருநாளும் அடைபடலாகாது.

ஜாமீன் எழுதுவது அரண்மனைகள். கடனைக் கட்டுவதோ குடிசைகள். கட்டப்போகிறவனைக் கேட்காமல் கையெழுத்திட எவனுக்கும் உரிமையில்லை!