"என்ன மருந்து அடிக்கலாம் சார்?" என்று இனி என்னிடம் கேட்காதீர்கள்

இன்று கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன். வகுப்பில் என் கோபத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை.

போன வாரம் பாலக்கோட்டிலிருந்து பழைய மாணவி ஒருத்தி வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினாள். வீட்டுக்குப் பின்னால் நாலு துவரை, ரெண்டு கத்தரி, ஒரு அவரைப் பந்தல். துவரை இலை ஓரமெல்லாம் கத்தரிக்கோலால் வெட்டியதுபோல அரைவட்டம் அரைவட்டமாகக் காணோம். "என்ன மருந்து அடிக்கலாம் சார்?" நான் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பதில் எழுதுவதற்குள் அடுத்த செய்தி வந்துவிட்டது. "கடையில கேட்டேன் சார். ஒண்ணு குடுத்தாங்க. அடிச்சிட்டேன்."

என்ன அது? பெயர் தெரியாது. பெரிய டப்பாவிலிருந்து தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தார்களாம். மீதி எங்கே? அடுப்படி அலமாரியில். வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது.

அந்த இலையை வெட்டியது யார் தெரியுமா? இலைவெட்டித் தேனீ. அது இலையைத் தின்பதே இல்லை. வெட்டிய துண்டைத் தூக்கிக்கொண்டு போய், ஏதாவது ஓட்டையில் சுருட்டி வைத்து அதற்குள் முட்டையிடும். அதே தேனீதான் துவரைப் பூவுக்கும் வந்து மகரந்தம் பரப்பும். புழு கடித்தால் ஓட்டை கோணல்மாணலாக இருக்கும், பக்கத்தில் எச்சம் கிடக்கும். இவ்வளவு சுத்தமான அரைவட்டத்தைப் புழு வெட்டாது. நோயே இல்லாத செடிக்கு, பெயர் தெரியாத விஷம்!

ஆமாம், விஷம் என்றுதான் சொல்கிறேன். 'மருந்து' என்று சொல்லிச் சொல்லியே நமக்குப் பயம் விட்டுப்போயிற்று. 2013-இல் பீகார் சரண் மாவட்டத்தில் பள்ளிக்கூடத்து மதிய உணவு சாப்பிட்டு 23 பிள்ளைகள் செத்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது என்று சோதனையில் தெரிந்தது. காய்கறிக்கு அதை அடிக்கவே கூடாது என்று மத்திய அரசு 2005-இலேயே தடை போட்டிருந்த சரக்கு அது. சத்துணவுக் கூடத்துக்குப் பக்கத்திலேயே பணிக்காலத்தைக் கழித்தவன் நான். அந்தச் செய்தி வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

"உங்களுக்குப் பென்ஷன் வருது மாமா, செடியைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பீங்க. எங்களுக்கு நேரம் எங்க இருக்கு?" என்று அக்கா மகன் கேட்கிறான். கடைக்குப் போய் வர அரைமணி ஆகிறதே, அதற்கு மட்டும் நேரம் எங்கிருந்து வந்தது? இலையைத் திருப்பிப் பார்க்க அரை நிமிடம் போதும். கத்தரி இலையில் பச்சையைச் சுரண்டிச் சல்லடையாக்கியிருந்தால், அடிப்பக்கம் முள்முள்ளாய் மஞ்சள் புழு ஒட்டிக்கொண்டிருக்கும். கையால் எடுத்துச் சோப்புத் தண்ணீரில் போட்டால் வேலை முடிந்தது. மிளகாய் இலை மேல்பக்கமாகச் சுருண்டால் இலைப்பேன், கீழ்ப்பக்கமாகச் சுருண்டால் சிலந்தி. இது முக்கியம். சிலந்திக்கு எட்டுக் கால், அது பூச்சி இனமே இல்லை. சாதாரணப் பூச்சிக்கொல்லிகள் பலவற்றுக்கு அது சாகாது, அதைத் தின்கிற பூச்சிகள்தான் சாகும். பிறகு சிலந்தி இன்னும் பெருகும். "அடிக்க அடிக்கச் சுருளுது சார்" என்று புலம்புகிறீர்களே, அது இதனால்தான். வெண்டை நரம்பு மஞ்சளாகிப் போனால் வைரஸ். வெள்ளை ஈ பரப்புவது. அதற்கு எந்தக் கடையிலும் மருந்து கிடையாது, செடியைப் பிடுங்கத்தான் வேண்டும். பகலில் ஒன்றுமே தெரியாவிட்டால் ராத்திரி ஒன்பது மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு போங்கள். நத்தை மாட்டும்.

விவசாயத்தையே நம்பிப் பிழைப்பவர்களை நான் சொல்லவில்லை. அவர்கள் கஷ்டம் வேறு. ஆனால் நம் பக்கத்துக் குச்சிக்கிழங்குக் காட்டில் மாவுப்பூச்சி வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? 2020-இல் கேரளத்தில் முதலில் தென்பட்டு இங்கேயும் பரவியது. மாவு மூடிய உடம்பு, சுருண்ட குருத்துக்குள் ஒளிவு. அடித்த விஷம் சரியாகப் போய்ச் சேரவில்லை. கடைசியில் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து கடுகளவு குளவி ஒன்றைக் கொண்டுவந்து 2022-இல் சேலம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். என்ன பூச்சி, எந்த நாட்டுப் பூச்சி, அதற்கு எதிரி எது என்று பார்த்துக் கண்டுபிடித்த பிறகு செய்த வேலை அது.

இன்னொன்று. இலை ஓரம் மட்டும் கருகினால் பூச்சியை மட்டும் தேடாதீர்கள். போர்வெல் தண்ணீரையும் பாருங்கள், உப்பாக இருக்கலாம். நம் மாவட்டத்துத் தண்ணீரைப் பற்றிப் பேச எனக்கு வாய் கூசுகிறது. பென்னாகரம் பக்கத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பல் பழுப்பாக இருந்த பிள்ளைகளை எழுப்பி நிறுத்தி, "பல்லு வெளக்க மாட்டியாடா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறேன். ஒரு பையன் அதற்குப் பிறகு வாயைப் பொத்திக்கொண்டேதான் பேசுவான். தண்ணீரில் இருந்த புளோரைடு, பல் முளைக்கும் முன்பே செய்த வேலை அது. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-இல் வந்தது. நான் திட்டிய பிள்ளைகளுக்கு அது வந்து என்ன பயன்? அறிவியல் வாத்தியார் நான், குடத்தை எட்டிப் பார்க்காமல் பையனைக் குற்றவாளியாக்கினேன். அவன் இதைப் படித்தால், தம்பி, என்னை மன்னித்துவிடு.

இனி படம் அனுப்புகிறவர்கள் முழுச் செடியை ஒன்று, இலையின் அடிப்பக்கத்தை ஒன்று எடுத்து அனுப்புங்கள். என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்றும் எழுதுங்கள். ராத்திரி பத்து மணி வரை விழித்திருப்பேன்.

பாலக்கோட்டு அம்மா, செடியில் இப்போது இருக்கிற காயைப் பறித்துக் குழந்தைக்குக் கொடுக்காதே. அந்தப் பாட்டிலைச் சாக்கடையில் ஊற்றாதே, கழுவித் தண்ணீரும் பிடிக்காதே. கொடுத்த கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு எனக்கு ஒரு போன் பண்ணு.