எளிமைக்கும் ஒரு கணக்கு உண்டு

எளிமையான கட்டடங்களைப் பற்றிய படப் புத்தகத்தைப் புரட்டினால் ஒரு கண்ணாடி வீடு பெரும்பாலும் கண்ணில் படும். அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில், ஃபாக்ஸ் ஆற்றங்கரையில், 1951-இல் கட்டி முடிக்கப்பட்டது அது. மருத்துவர் எடித் ஃபார்ன்ஸ்வொர்த்துக்காக அதை வடிவமைத்தவர் மீஸ் வான் டெர் ரோ. எட்டு எஃகுத் தூண்கள், தரை, கூரை, நாற்புறமும் கண்ணாடி, அவ்வளவுதான். படத்தில் எத்தனை அழகு!

ஆனால், மாணவர்களே, படம் வெப்பநிலையைக் காட்டுமா? சூரிய ஒளி கண்ணாடியினூடே எளிதில் நுழைகிறது. உள்ளே சூடேறிய பொருள்கள் வெளிவிடும் அகச்சிவப்புக் கதிர்களைக் கண்ணாடி வெளியே விடுவதில்லை. சூடான காற்றும் உள்ளேயே தங்கிவிடுகிறது. திறக்கக்கூடிய சிறு சன்னல்கள் இரண்டே. ஆகவே கோடையில் வீடு புழுங்கியது. குளிர்காலத்திலோ ஒற்றைக் கண்ணாடி வழியே வெப்பம் வெளியேறியது. கண்ணாடியின் உட்புறம் நீர்த்துளிகள் படிந்தன.

எளிமையே வேண்டாம் என்று நான் கூறவில்லை. வீண் அலங்காரத்தை நீக்குவது நல்லதே. ஆனால் சுவர் அலங்காரமன்று. அது வெப்பத்தைத் தடுக்கிறது. சன்னல் காற்றை மாற்றுகிறது. ஒன்றை நீக்குமுன், அது செய்துவந்த வேலையை இனி எது செய்யும் என்று கேட்க வேண்டும். இந்த வீட்டில் அவ்வேலையில் ஒரு பங்கைச் செய்தது எது தெரியுமா? தென்புறம் நின்ற மேப்பிள் மரத்தின் நிழல்தான்!

அடுத்த முறை அழகிய வீட்டின் படத்தைக் கண்டால், கோடை நண்பகலில் அதனுள் உட்கார முடியுமா என்றும் எண்ணிப் பாருங்கள்.