வாசல்படிக்கு வெளியே

ஆஸ்பத்திரியின் நீண்ட தாழ்வாரத்தில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு 40 மீட்டர் நடந்து காட்டினேன். பிசியோதெரபிஸ்ட் கைதட்டினார். 'துணைக்கருவியுடன் நடக்கிறார்' என்று டிஸ்சார்ஜ் தாளில் எழுதிக் கொடுத்தார்கள். பொய்யில்லை. ஆனால் அந்தத் தாழ்வாரம் போன்ற தரை எங்கள் தெருவில் ஓர் அடிகூட இல்லை என்பது காரிலிருந்து இறங்கிய பிறகுதான் உறைத்தது.

2025 ஜனவரியில் புனேயின் சிங்ஹகட் சாலைப் பகுதியில் கிலன்-பாரே நோய் பரவிய செய்தி நினைவிருக்கலாம். 200க்கும் மேற்பட்டோர் படுத்தார்கள். சந்தேகம் குடிநீர் மீது விழுந்தது. அந்தக் கணக்கில் நானும் ஒருவன். வயிற்றுப்போக்கு வந்து போய்விடும். கிருமியை விரட்டக் கிளம்பிய உடம்பின் காவல்படை சில நாட்களில் சொந்த நரம்புகளையே அடிக்க ஆரம்பிக்கும். முதலில் பாதத்தில் மரமரப்பு, அடுத்து முழங்கால், அப்புறம் இடுப்பு. பெரும்பாலோர் பிழைத்துவிடுகிறார்கள். ஆனால் சேதமான நரம்பிழை திரும்ப வளரும் வேகம் நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். முதுகுத்தண்டிலிருந்து கட்டைவிரல் வரை எவ்வளவு தூரம் என்று நீங்களே அளந்துகொள்ளலாம்.

அதுவரை பாதம் தொங்கிக்கொண்டே இருக்கும். கால் விரல் தரையில் உரசும். பேவர் பிளாக் ஒன்று அரை அங்குலம் தூக்கியிருந்தால் போதும், விழுந்துவிடலாம்.

நான்கு கால் அலுமினிய வாக்கர் வீட்டுக்குள் சாது. தெருவில் ஒவ்வொரு அடிக்கும் தூக்கி வைக்க வேண்டும். 100 மீட்டருக்குள் தோள் கழன்றுவிடும். அதனால் நான்கு சக்கரம், கைப்பிரேக், உட்கார ஒரு பலகை எல்லாம் வைத்த ரோலேட்டருக்கு மாறினேன். 1978ல் ஸ்வீடனில் ஐனா விஃபால்க் என்ற பெண்மணி வடிவமைத்தது அது. அவரே போலியோவால் பாதிக்கப்பட்டவர். தனக்குத் தேவையானதைத் தானே யோசித்தார் என்பதால் அந்தக் கருவியில் வீண் வேலை எதுவும் இல்லை. ஒரே குறை, அவர் மனதில் இருந்தது ஸ்வீடன் நடைபாதை.

எங்கள் நடைபாதையின் கதை வேறு. ஓரக்கல் 150 மில்லிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது, நடக்க 1.8 மீட்டராவது அகலம் வேண்டும் என்று இந்திய சாலை காங்கிரஸ் 2012லேயே எழுதி வைத்திருக்கிறது. புனேயிலும் ஜங்கலி மகாராஜ் சாலைக்குப் போனால் அகலமான, அழகான நடைபாதை உண்டு. அதில் நடக்க நான் ஆட்டோ பிடித்துப் போக வேண்டும். எங்கள் தெருவில் நடைபாதை ஒரு வீட்டு கேட்டுக்கும் அடுத்த வீட்டு கேட்டுக்கும் இடையில் ஏறி இறங்கி, டிரான்ஸ்பார்மரில் முட்டி முடிகிறது. ஏப்ரல் மாதம் ஒரு நாள் சாக்கடை மூடியின் இடுக்கில் என் முன்சக்கரம் சிக்கிக்கொண்டது. வண்டி நின்றது; நான் நிற்கவில்லை. காய்கறி வாங்க வந்த இரண்டு பேர் தூக்கி உட்கார வைத்தார்கள்.

"இனிமே வெளியே வேண்டாங்க. பால்கனியிலேயே நடங்க" என்றாள் மனைவி. அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் பால்கனி எட்டடி. நோய் என்னிடமிருந்து பிடுங்கியது பாதிதான், மீதியை இந்த எட்டடி எடுத்துக்கொள்ளும் என்று தோன்றியது. அந்த மூன்று வாரமும் நான் பேசவே சகிக்காத மனிதனாக இருந்தேன் என்று பின்னால் சொன்னாள்.

பிரச்சினை என் காலில் மட்டும் இல்லை, சக்கரத்திலும் இருந்தது. 2 அங்குலக் கல்லில் 8 அங்குலச் சக்கரத்தை ஏற்ற வேண்டுமானால், 12 அங்குலச் சக்கரத்தை ஏற்றுவதைப்போல ஒன்றரை மடங்கு பலத்தோடு தள்ள வேண்டும். பள்ளிக்கூட பௌதிகம்தான். என் விஷயத்தில் அந்த அரை மடங்குதான் வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவே நின்றது. பெரிய, காற்றடைத்த டயர் பொருத்தி, மண்ணிலும் சரளையிலும் புல்லிலும் போகும் நடைவண்டிகள் ஐரோப்பாவில் விற்கின்றன. நான் கேட்ட நான்கு கடைகளில் இல்லை. மகனின் நண்பர் ஊருக்கு வரும்போது சாமானோடு சாமானாகக் கொண்டுவந்தார். விலைக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கியிருக்கலாம். எடை 15 கிலோ. ஆட்டோவில் மடக்கி ஏற்ற இன்னொருவர் வேண்டும். பஸ் நினைப்பே கூடாது. இறக்கத்தில், வாக்கிங் போகும் பெரிய நாயைப்போல நம்மை இழுக்கும். பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கப் பழக ஒரு வாரம் ஆனது.

இரண்டாவது வாரமே பஞ்சர். வெளிநாட்டு டயராயிற்றே என்று கலங்கிப்போய் தெருமுனை சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கடைக்காரப் பையன் ஒரு பார்வை பார்த்தான். "காக்கா, இது குழந்தைகள் சைக்கிள் டியூப்தானே" என்று மராத்தியில் சொல்லி, மேலே தொங்கியதில் ஒன்றை எடுத்து மாட்டிவிட்டான். (காக்கா என்றால் இங்கே சித்தப்பா. 20 வருடமாகியும் எனக்குப் பழகவில்லை.)

அதன் பிறகு அந்த வண்டியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது. டயர், டியூப், ரிம், பிரேக் ஒயர் எல்லாமே லூதியானாவில் மலை மலையாகச் செய்யும் சாமான். ஏழை முதியோருக்கு ஊன்றுகோலும் வாக்கரும் இலவசமாகத் தரும் ராஷ்ட்ரீய வயோஸ்ரீ திட்டம் 2017லிருந்து இருக்கிறது. நல்ல திட்டம். ஆனால் அந்த வாக்கரை வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் கிழவர் மண்பாதையில்தான் நடக்க வேண்டியிருக்கிறது. நல்ல நடைபாதை குடிமக்களின் உரிமை என்று 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட் சொன்னது. நடைபாதை வரட்டும். அது வரும்வரை சக்கரத்தையாவது பெரிதாக்கலாமே?

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தள்ஜாய் குன்றுக்குப் போனோம். நோய்க்கு முன் தினமும் 3 கிலோமீட்டர் நடந்த இடம். "நான் இங்கேயே இருக்கேன்" என்று மனைவி கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்துகொண்டாள், கையில் போனோடு. ஜனவரிக்குப் பிறகு என்னை அவள் தனியாக விட்டது அன்றுதான். மழை விட்டிருந்த மண்பாதை. வேர், சரளை, ஓரிடத்தில் சேறு. வண்டி ஆடியது, நிற்கவில்லை. 400 மீட்டர் போய் கிளிரிசிடியா மர நிழலில் பிரேக் போட்டுப் பலகையில் உட்கார்ந்தேன். எங்கோ மயில் கத்தியது. காலை நடைக்காரர்கள் இரண்டு பேர் நின்று விசாரித்தார்கள், என்னை அல்ல, வண்டியை. ஒருவர் தன் அம்மாவுக்கு எங்கே கிடைக்கும் என்று கேட்டார். சைக்கிள் கடைப் பையனின் விலாசம் கொடுத்தேன். வேறு என்ன சொல்ல?

திரும்பி வர மொத்தம் 50 நிமிடம். மனைவி என் முகத்தைப் பார்க்கவில்லை, சக்கரத்தைத்தான் பார்த்தாள்.

"இந்தச் சேத்தோட வீட்டுக்குள்ள கொண்டு வராதீங்க" என்றாள். "கீழேயே கழுவிட்டு வாங்க."