குரல் போதும், முகம் வேண்டாம்
டிஸ்னியின் 2025 'ஸ்னோ ஒயிட்'டில் ஏழு குள்ளர்களும் கணினியில் பிறந்தவர்கள். உயரம் குறைந்தவர்களைப் பற்றிய பழைய கேலி தொடரக் கூடாதென்று எடுத்த முடிவாம். 2022இல் உயரம் குறைந்த நடிகரான பீட்டர் டிங்க்லேஜ், இந்தக் கதையை மீண்டும் எடுப்பதைச் சாடியது நினைவிருக்கும். நல்ல எண்ணம்தான். ஆனால், சிடுமூஞ்சி 'கிரம்பி'க்குக் குரல் கொடுத்த மார்ட்டின் கிளெப்பா நிஜத்திலும் உயரம் குறைந்த நடிகர். குரல் வேண்டும், முகம் வேண்டாம் என்பது என்ன மரியாதை? 1939இல் வந்த 'தி விசார்ட் ஆஃப் ஆஸ்' அப்படிப்பட்ட நடிகர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோரைத் திரையில் நிறுத்தியது. வேடிக்கைப் பொருளாகத்தான் காட்டியது. ஆனாலும் கூலி கொடுத்தது, முகத்தையும் காட்டியது. கேலிதான் உறுத்துகிறதென்றால் திருத்த வேண்டியது பாத்திரத்தை, வசனத்தை. ஆளையே அப்புறப்படுத்திவிட்டு அவமானம் தீர்ந்தது என்பது எந்த ஊர் நியாயம்?