பஞ்சாபி ஜெயிலும் ஒரு பாவப்பட்ட சாம்பியனும்

ரெஸ்லிங் விஷயத்தில் நம்ம ஊரில் ரெண்டே கட்சிதான். "அது எல்லாமே டிராமா, அதைப் போய்ப் பாக்குறியே" என்பது ஒன்று. "டிராமான்னு தெரிஞ்சுதான் பாக்குறோம், உனக்கு என்ன வந்துச்சு" என்பது இன்னொன்று. நான் ரெண்டாவது கட்சியில் ஆயுள்கால உறுப்பினர். முதல் கட்சி அன்பர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொண்டு படிக்கவும். இதில் உங்களுக்கும் விஷயம் இருக்கிறது.

சொல்ல வந்தது, 2017 ஜூலை 23-ஆம் தேதி அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த 'பேட்டில்கிரவுண்ட்' என்ற டபிள்யூ.டபிள்யூ.இ. நிகழ்ச்சியைப் பற்றி. ஜிந்தர் மஹால், ராண்டி ஆர்ட்டனை 'பஞ்சாபி பிரிசன்' என்கிற மூங்கில் கூண்டுக்குள் வைத்து ஜெயித்தாரே, அதேதான். இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே எங்கள் செட்டில் பஞ்சாயத்து கிளம்பிவிடும். "ஒரு இந்தியன் சாம்பியன் ஆனப்போ இந்தியாக்காரனே சப்போர்ட் பண்ணல, அதான் பெல்ட்டைப் பிடுங்கிட்டானுங்க" என்பான் ஒருத்தன். "அவனுக்கு ஆடத் தெரியல, அவ்ளோதான் மேட்டரு" என்பான் இன்னொருத்தன். என்னைக் கேட்டால் ரெண்டுமே தப்பு. ஜிந்தர் கதை என்பது ஒரே சரக்குக்கு ரெண்டு லேபிள் ஒட்டி விற்கப் பார்த்த கதை. பி.காம். படிக்கிறவன் இதைக்கூடச் சொல்லாவிட்டால் அப்புறம் எதற்கு ஃபீஸ் கட்டுகிறோம் :-)

தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக். ஜிந்தரின் நிஜப்பெயர் யுவராஜ் சிங் தேசி. பிறந்தது கனடாவில், கால்கரி நகரத்தில். 2014-இல் கம்பெனி அவரை வேலையை விட்டு அனுப்பியது. 2016-இல் திரும்பச் சேர்த்துக்கொண்டது. அப்போது அவருக்கு முக்கால்வாசி வேலை, அடுத்தவரிடம் தோற்பது. 2017 ஏப்ரலில் திடீரென்று ஆறு பேர் மோதிய போட்டியில் அவரை ஜெயிக்க வைத்தார்கள். மே 21-இல் 'பேக்லாஷ்' நிகழ்ச்சியில் ஆர்ட்டனைத் தோற்கடித்து சாம்பியன். சாம்பியன் பட்டியலில் 50-ஆவது ஆள். ஜூன் 18-இல் ஆர்ட்டனின் சொந்த ஊரான செயின்ட் லூயிஸிலேயே மறுபடியும் ஜெயம். மூன்றாவது மோதலுக்குத்தான் இந்த மூங்கில் ஜெயில்.

ஜெயிலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ரிங்கைச் சுற்றி ரெண்டு கூண்டு. உள்ளே இருப்பது நாலு பக்கம், 16 அடி உயரம். வெளியே இருப்பது எட்டு பக்கம், 20 அடி. உள்கூண்டில் நாலு கதவு. ஒவ்வொரு கதவும் ஒரே தடவை, 60 விநாடிக்குத் திறக்கும். அதற்குள் வெளியே வராவிட்டால் அந்தக் கதவு அவ்வளவுதான். நாலும் மூடிவிட்டால் ஏறிக் குதிக்க வேண்டியதுதான். ரெண்டு கூண்டையும் தாண்டி முதலில் தரையில் கால் வைப்பவர் வெற்றி.

இதை முதலில் கொண்டுவந்தது கிரேட் காளிக்காக. காளி, அதாவது தலிப் சிங் ராணா, இமாச்சலப் பிரதேசத்துக்காரர். பஞ்சாப் போலீஸில் வேலை பார்த்தவர். அவ்வளவு போதும், கம்பெனிக்கு அவர் பஞ்சாபி ஆகிவிட்டார்! 2006 ஜூலை 23-இல் இண்டியானாபோலிஸில் முதல் பஞ்சாபி ஜெயில் ஆட்டம் (ஆமாம், பேட்டில்கிரவுண்டுக்குச் சரியாக 11 வருஷம் முன்னால், அதே தேதி). மோத வேண்டியவர்கள் காளியும் அண்டர்டேக்கரும். ஆனால் காளிக்கு உடம்பு பரிசோதனையில் பிரச்சினை வர, கடைசியில் உள்ளே போனது பிக் ஷோ. பஞ்சாபி ஜெயிலில் பஞ்சாபியே இல்லை! ரெண்டாவது ஆட்டம் 2007 அக்டோபரில். காளி பாட்டிஸ்டாவிடம் தோற்றார். மூன்றாவது 2017. மொத்தமே மூன்று தடவைதான் அந்தக் கூண்டு இறங்கியது.

மூன்றாவது ஆட்டம் கிட்டத்தட்ட அரை மணி நேரம் போனது. ரிங்குக்கு அடியில் ஒளிந்திருந்த சிங் சகோதரர்கள் வந்து ஜிந்தருக்கு உதவினார்கள். அவர்களில் ஒருவர் வெளிக்கூண்டின் மேலிருந்து கமென்டரி மேஜை மேல் விழுந்தார். ஆர்ட்டன் தப்பிக்கப் போகிற நேரத்தில் எங்கிருந்தோ காளி வந்து அவர் கழுத்தைப் பிடிக்க, அந்த கேப்பில் ஜிந்தர் இறங்கிவிட்டார். முதல் கட்சி அன்பர்களே, யார் ஜெயிக்க வேண்டும் என்பது முன்கூட்டியே எழுதியதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மேஜை மேல் விழுந்த உடம்பு நிஜம். புவியீர்ப்பு விசைக்கு ஸ்கிரிப்ட் படிக்கத் தெரியாது.

நமக்கு அது திங்கட்கிழமை காலை 5.30 மணி. ஸ்கூல் போவதற்கு முன்னால் டென் சேனலில் பார்த்தவர்கள் நம்மில் நிறைய பேர் இருக்கிறோம். அயனம்பாக்கத்தில் எங்கள் தெருவில் அந்த நேரத்துக்கு எரிந்த லைட்டு, ஒன்று பால் பாக்கெட் வாங்கக் கிளம்புகிறவர் வீடு, இல்லையென்றால் ரெஸ்லிங் பைத்தியம் வீடு. இதில் வேடிக்கை என்னவென்றால், 'பே-பர்-வியூ' என்ற பெயரில் 'பே' இருக்கிறது. 2013 வாக்கில் அமெரிக்காக்காரன் ஒரு ரெசில்மேனியாவை வீட்டில் பார்க்க 60 டாலர் கொடுத்தான். நாம் கேபிள்காரர் மாசா மாசம் வாங்கிய காசிலேயே அதையும் பார்த்தோம்.

அப்படியானால் நம்மை வைத்துக் கம்பெனிக்கு என்ன வருமானம்? ஒளிபரப்பு உரிமை. இங்கே பார்க்கிறவர்கள் பெருகினால் சேனல் அதிக விலை கொடுக்கும். சேனல் அந்தக் கூட்டத்தை விளம்பரக்காரர்களிடம் விற்கும். 2016-இல் டென் ஸ்போர்ட்ஸ் சேனல்களை ஜீயிடமிருந்து 385 மில்லியன் டாலருக்கு சோனி வாங்க ஒப்பந்தம் போட்டதே, அந்தச் சேனல்களின் முக்கியமான சரக்கில் ரெஸ்லிங்கும் ஒன்று. அதாவது அமெரிக்காவில் இருப்பவன் வாடிக்கையாளர். நாம் தலைக்கணக்கு.

இப்போது ரெண்டு லேபிள் விஷயத்துக்கு வருகிறேன். இந்தியாவுக்கு ஒட்டிய லேபிள்: "உங்கள் ஆள் சாம்பியன்." அமெரிக்காவுக்கு ஒட்டிய லேபிள்: "இதோ ஒரு அந்நியன், கத்துங்கள்." ஜிந்தர் டர்பனோடு வருவார், பஞ்சாபியில் பேசுவார், "நான் வேற மாதிரி இருக்கேன்னுதான் என்னை வெறுக்குறீங்க" என்பார். கூட்டம் 'பூ' போடும். கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். நிறத்தையும் தலைப்பாகையையும் பார்த்து வெறுப்பு வருவது அந்த நாட்டில் நிஜமாகவே நடக்கிற ஒன்று. அந்த நிஜத்தை வில்லன் வாயில் வைத்துவிட்டால்? அதைச் சொல்வதே வில்லத்தனம் ஆகிவிடுகிறது. 'பூ' போட்டவனுக்குக் குற்ற உணர்ச்சியும் வேண்டியதில்லை. காசு கொடுத்தான், கத்தினான், வீட்டுக்குப் போனான்.

அதே ராத்திரி, அதே மேடையில் ஜான் சீனாவுக்கும் பல்கேரியாக்காரர் ருசேவுக்கும் கொடி ஆட்டம் வேறு. யார் தன் நாட்டுக் கொடியை எடுத்து நடுகிறாரோ அவர் வெற்றி. யார் ஜெயித்திருப்பார் என்று சொல்லவும் வேண்டுமா? சீனாதான். இது கம்பெனிக்குப் புதுசும் இல்லை. 1980-களில் ஈரான் பெயரில் அயர்ன் ஷேக். 2005-இல் முகமது ஹசன் என்று ஒரு அரபு-அமெரிக்கப் பாத்திரம் (நடித்தவர் இத்தாலிய வம்சாவளி அமெரிக்கர்!). அவரும் "எங்களைத் தப்பாப் பாக்குறீங்க" என்று நியாயம் கேட்டுக்கொண்டே வில்லன் ஆக்கப்பட்டவர். அந்த வருஷம் லண்டன் குண்டுவெடிப்பு நடந்த பிறகு அந்தப் பாத்திரத்தையே மூட்டை கட்டிவிட்டார்கள். அச்சு பழசு, அதில் ஊற்றிய இரும்புதான் புதுசு.

"ஆடத் தெரியல" கட்சிக்கு ஒரு வார்த்தை. கிரிக்கெட்டில் தோற்றால் அது தோல்வி. இங்கே தோற்றால் அது ஒருவர் எடுத்த முடிவு. இதைக் கம்பெனியே 1989-இல் நியூஜெர்சி மாநில சட்டமன்றத்தில் சொல்லிவிட்டது. இது விளையாட்டுப் போட்டி அல்ல, பொழுதுபோக்கு என்று ஒப்புக்கொண்டால் விளையாட்டு ஆணையத்தின் கெடுபிடியிலிருந்து தப்பலாமே! அதனால் ஜிந்தர் எப்படி ஜெயித்தார் என்பதற்கும் கம்பெனிதான் பொறுப்பு. பெரும்பாலான பெரிய ஆட்டங்களில் அடியாட்கள் வந்து ஜெயிக்க வைத்தார்கள். பெரும்பாலும் தனியாக, சுத்தமாக ஜெயிக்க விடாமல் வைத்துவிட்டு, "மக்கள் இவரை ஏற்கவில்லை" என்றால் அது என்ன நியாயம்? முட்டுக்கொடுத்தே கட்டின சுவர் எப்போது சொந்தக்காலில் நிற்கும்?

நவம்பர் 7-இல் மான்செஸ்டரில் ஏ.ஜே. ஸ்டைல்ஸிடம் பெல்ட் போனது. மொத்தம் 170 நாள். டிசம்பர் 9-இல் டெல்லியில் இந்திய ரசிகர்களுக்காக ஒரு நிகழ்ச்சி வைத்திருந்தார்கள். இந்திய சாம்பியன் இந்தியாவுக்கு வருவதற்கு ஒரு மாதம் முன்னால் பெல்ட் காலி! சரி, டெல்லியிலாவது ஜெயிக்க விட்டார்களா? 48 வயது டிரிபிள் ஹெச் வந்து ஜிந்தரைத் தோற்கடித்தார். டிரிபிள் ஹெச் யார்? கம்பெனியின் பெரிய அதிகாரி, அப்போதைய முதலாளி வின்ஸ் மெக்மேனின் மாப்பிள்ளை. நம்ம வீட்டு விசேஷத்துக்கு வந்து, நம்ம பையனையே அடித்து உட்கார வைத்துவிட்டு, பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்த சம்பந்தி மாதிரி!

இனி "இந்தியன் சப்போர்ட் பண்ணல" கட்சி. நாம் ஏன் சப்போர்ட் பண்ண வேண்டும்? சின்ன வயசில் ட்ரம்ப் கார்டு விளையாடும்போது 'ஹைட்' என்று கேட்க காளி கார்டு கையில் இருந்தால் ராஜாதான். ஆனால் 'எனக்குப் பிடிச்ச ஆள்' என்று எல்லோரும் பத்திரமாக வைத்துக்கொண்டது அண்டர்டேக்கர் கார்டு. அண்டர்டேக்கர் எந்த நாடு, எந்த ஜாதி, எந்த மதம் என்று எவனும் கேட்கவில்லை. கதை நன்றாக இருந்தது, ஒட்டிக்கொண்டோம். இமாச்சல் ஆளைப் பஞ்சாபி என்றும், கனடாவில் பிறந்தவரை இந்தியாவின் பிரதிநிதி என்றும் சொல்லி, அயனம்பாக்கத்துப் பையனுக்குப் புரியாத பஞ்சாபியில் பேச வைத்து, "இவன்தான் உன் ஆள், கைதட்டு" என்றால் கை தானாகத் தட்டாது. ரசிப்பது ரேஷன் கடை இல்லை, கார்டைப் பார்த்து அளந்து போட.

ஜிந்தர் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. கொடுத்த வேலையை உடம்பை வருத்திச் செய்தார். 2024 ஏப்ரலில் கம்பெனி அவரை மறுபடி அனுப்பிவிட்டது. 2023 செப்டம்பரில் ஹைதராபாத்தில் நடந்த நிகழ்ச்சியின் முக்கிய ஆட்டத்தில் இறங்கியது ஜான் சீனா. அரங்கம் அதிர்ந்தது அவருக்குத்தான். இந்திய ரசிகனுக்கு என்ன பிடிக்கும் என்று கம்பெனிக்கு அன்றும் தெரியும், இன்றும் தெரியும். தெரிந்தும் 2017-இல் செய்தது, நம் தலைகளை எண்ணிக்கொண்டு அங்கே ஒரு முகத்தை அடிவாங்க நிறுத்தியது.

மார்க்கெட்டிங் வகுப்பில் 'இந்தியா மாபெரும் சந்தை' என்ற வரி வந்தால் நம் எல்லோருக்கும் லேசாக ஒரு பெருமை வரும். பேட்டில்கிரவுண்டுக்குப் பிறகு எனக்கு அந்தப் பெருமை வருவதில்லை. சந்தை என்று சொல்வது நம் எண்ணிக்கைக்குக் கிடைக்கிற மரியாதை, நமக்குக் கிடைக்கிற மரியாதை வேறு. 2025 ஏப்ரல் முதல் ரெஸ்லிங் இந்தியாவில் நெட்ஃபிளிக்ஸுக்குப் போய்விட்டது. இனி நேரடியாகக் காசு கொடுத்தே பார்க்கப் போகிறோம். நாளைக்கு இன்னொரு 'இந்திய சாம்பியன்' வந்தால் நான் ஒன்றே ஒன்றுதான் பார்ப்பேன்: அவரைத் தனியாக ஜெயிக்க விடுகிறார்களா? விட்டால் காலை 5.30 மணிக்கு எழுந்து விசில் அடிக்க நான் ரெடி.

பி.கு.: "அப்போ இன்னும் பாக்குறதை நிறுத்தலையா?" என்று கேட்பவர்களுக்கு: நல்ல கதை கேட்க வேண்டும் என்றால் கடையில் உட்கார்ந்துதானே கேட்க முடியும். எழுந்து போய்விட்டால் யார் கேட்பது?