முதுகு வளைவுக்குச் செருப்பில் வைத்தியமா?

அயனம்பாக்கம், அத்திப்பட்டு, நொளம்பூர் பக்கத்துப் பெற்றோர்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். "பொண்ணோட ஒரு தோள் இறங்கியிருக்கே, முதுகு வளைஞ்சிருக்கே" என்று நீங்கள் பதறும்போது, "ஷூவுக்குள்ளே இன்சோல் வெச்சா சரியாயிடும்" என்று யாராவது சொன்னால், உடனே பர்ஸைத் திறக்காதீர்கள். அது எந்த வகை வளைவு என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவதை ஸ்கோலியோசிஸ் என்கிறார்கள். ஒரு கால் குட்டையாக இருந்தால் இடுப்பு சாயும். அதை ஈடுகட்ட முதுகு வளையும். பிள்ளையை உட்காரவைத்தால் இந்த வளைவு மறைந்துவிடும். குட்டைக் காலுக்கு, டாக்டர் அளந்து சொன்ன உயரத்தில் இன்சோல் வைத்தால் இடுப்பு சமமாகும். இன்சோலுக்கு வேலை இருக்கிற இடம் இதுதான்.

இன்னொரு வகையில், முதுகெலும்பே வளைந்து முறுக்கிக்கொள்கிறது. பத்து வயசுக்கு மேல் வருகிற இதற்குப் பெரும்பாலும் காரணமே தெரிவதில்லை. புத்தக மூட்டையால் வருகிறது என்பதும் நிரூபணமாகவில்லை. காலுக்கடியில் எதையாவது வைத்தால் இந்த முறுக்கு அவிழும் என்பதற்கு நம்பகமான ஆதாரம் கிடையாது.

வீட்டிலேயே சோதிக்கலாம். கால்களைச் சேர்த்து, முழங்காலை மடக்காமல் குனியச் சொல்லிப் பின்னாலிருந்து பாருங்கள். முதுகில் ஒரு பக்கம் மேடாக எழும்பினால் எலும்பு டாக்டரிடம் போங்கள். எக்ஸ்ரேயில் கோணத்தை அளப்பார். 10 டிகிரியும் அதற்கு மேலும் இருந்தால் ஸ்கோலியோசிஸ். வளரும் பிள்ளைக்கு 25 டிகிரியைத் தாண்டினால் பெரும்பாலும் பிரேஸ். 50-ஐ நெருங்கினால் ஆபரேஷன் பேச்சு வரும்.

"தெரிஞ்சவங்க பையனுக்கு இன்சோல்லேயே நின்னுடுச்சே?" என்பீர்கள். அமெரிக்கா, கனடா ஆஸ்பத்திரிகளில் நடந்து 2013-ல் வெளியான ஆய்வைக் கேளுங்கள். பிரேஸ் போடாமல் கண்காணிப்பில் மட்டும் இருந்த பிள்ளைகளிலேயே 48 சதவீதம் பேருக்கு, வளர்ச்சி முடியும்வரை வளைவு 50 டிகிரியை எட்டவில்லை. இப்படித் தானாக நிற்கிற வளைவுக்குத்தான் இன்சோல் பேர் வாங்கிக்கொள்கிறது! பிரேஸ் போட்டவர்களில் 72 சதவீதம் பேர் தப்பித்தார்கள். தினமும் 13 மணி நேரத்துக்கு மேல் போட்டவர்களில் சுமார் 90 சதவீதம்.

பிரேஸ் சிரமம்தான். நம்ம ஊர் வெயிலில் பிள்ளை அழும். "நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க, நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு வந்தா..." என்று பெரியவர்கள் இழுப்பார்கள். கண்ணில் படாத இன்சோல் மனசுக்கு இதமாக இருப்பது அதனால்தான். ஆனால் எலும்பு வளரும் காலத்தில்தான் பிரேஸுக்குப் பலன். பெண் பெரியவளான பிறகு சுமார் இரண்டு வருஷத்தில் உயர வளர்ச்சி ஏறக்குறைய முடிந்துவிடும். அந்தக் காலத்தை இன்சோலை நம்பிக் கழித்தால் திரும்பக் கிடைக்காது.

ஆகவே, இன்சோல் சிபாரிசு செய்பவரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள். கால் நீளத்தை அளந்தீர்களா? வளைவு எத்தனை டிகிரி? சில மாசம் கழித்து மறுபடி அளந்து ஒப்பிடுவீர்களா? பதில் இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள். செலவுக்குப் பயந்தால் சென்னை கே.கே.நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அங்கே போய் விசாரியுங்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை மகளுக்கு எண்ணெய் தேய்த்துவிடும்போது, முதுகையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்களேன்.